முன்வாசல் இல்லாத வட்டம்

கட்டடத்துக்கும் முகம் உண்டு என்று நம்பியே வளர்ந்துவிட்டோம். கோயிலுக்குக் கோபுர வாசல், வீட்டுக்குத் தெருவாசல், அரசு அலுவலகத்துக்குத் தூண் வைத்த முகப்பும் ஏறிச்செல்லப் பத்துப் படிகளும். அருங்காட்சியகங்கள் இந்த விஷயத்தில் எல்லாவற்றையும் மிஞ்சியவை. பத்தொன்பதாம் நூற்றாண்டில் எழுந்தவற்றில் பல, கிரேக்கக் கோயில்களின் சாயலில் நின்று, வருகிறவரை அண்ணாந்து பார்க்க வைத்தன. இருபதாம் நூற்றாண்டின் இறுதியில் எழுந்தவற்றில் சில, தாமே சிற்பங்களாகிவிட்டன. 1997இல் ஸ்பெயினின் பில்பாவோ நகரில் ஃபிராங்க் கெரியின் டைட்டேனியம் போர்த்திய கூகன்ஹைம் திறக்கப்பட்ட பிறகு, உள்ளே என்ன வைத்திருக்கிறார்கள் என்று கேட்காமலேயே மக்கள் விமானம் ஏறினார்கள்.

ஜப்பானின் கனசாவா நகரில் உள்ள 21ஆம் நூற்றாண்டு சமகாலக் கலை அருங்காட்சியகத்தைப் பற்றி முதலில் சொல்ல வேண்டியது, அதற்கு முகம் கிடையாது என்பதைத்தான். 112.5 மீட்டர் விட்டமுள்ள ஒரு வட்டம் அது. சுற்றிலும் கண்ணாடி, மேலே தட்டையான வெள்ளைக் கூரை, அக்கூரையைத் துளைத்துக்கொண்டு வெவ்வேறு உயரங்களில் எட்டிப் பார்க்கும் சில வெள்ளைப் பெட்டிகள். அவ்வளவுதான். கசுயோ செஜிமா, ரியூயே நிஷிசாவா என்ற இருவரின் ஸனா நிறுவனம் வடிவமைத்து 2004 அக்டோபரில் திறக்கப்பட்டது. அதே ஆண்டு வெனிஸ் கட்டடக்கலைக் கண்காட்சியில் தங்கச் சிங்க விருதும், 2010இல் அவ்விருவருக்கும் பிரிட்ஸ்கர் பரிசும் கிடைத்தன. விருதுகளைப் பற்றி இதற்கு மேல் சொல்ல எங்களிடம் ஒன்றுமில்லை.

நாங்கள் இருவரும் கணவன் மனைவி. ஒருவர் ஓய்வுபெற்ற கட்டடப் பொறியாளர், மற்றவர் தமிழாசிரியை. 2025 ஜூனில் நகோயாவில் வேலைபார்க்கும் மகளைக் காணச் சென்றபோது எங்களோடு ஒருவரும் வந்திருந்தார். அவரை நாங்கள் அண்ணன் என்றுதான் அழைப்போம். முப்பது ஆண்டுகள் எங்கள் ஊர்க் கடைகளுக்குப் பெயர்ப்பலகை எழுதியவர். ஃபிளெக்ஸ் வந்தபின் தூரிகையை மூட்டைகட்டி வைத்துவிட்டு, நினைத்தபோது மட்டும் தனக்காக வரைபவர். எங்கள் மகளுக்குச் சிறுவயதில் கோடு இழுக்கக் கற்றுக்கொடுத்தவர். அவருக்கான பயணச்செலவு முழுவதும் அவள் பொறுப்பு. அவள் வடிவமைப்பாளரானதற்கு யார் காரணம் என்பதில் அவளுக்குச் சந்தேகம் இருந்ததில்லை.

கனசாவா மழையூர். மதியச் சோற்றை மறந்தாலும் குடையை மறக்காதே என்று அவ்வூரில் ஒரு சொலவடையே உண்டாம். ஜூன் மழைக்காலம் வேறு. இரண்டாம் உலகப் போரில் குண்டுவீச்சுக்கு ஆளாகாமல் தப்பிய நகரமாதலால் பழைய தெருக்களும் மர வீடுகளும் கோட்டையும் எஞ்சியிருக்கின்றன. கோட்டையை ஒட்டி, மாயேதா குலத்தவர் தலைமுறைகளாக வளர்த்த கென்ரோகுஎன் தோட்டம். அதற்கு எதிரே, பள்ளிக்கூடங்கள் இடம் மாறிப்போனதால் காலியான நிலத்தில், இந்த வட்டம். இத்தனை பழமைக்கு நடுவே ஒரு கண்ணாடிக் கட்டடம் என்றால் உறுத்த வேண்டும். உறுத்தவில்லை. காரணம் எளியது. அது தாழ்வாக இருக்கிறது. தரைக்கு மேல் ஒரே தளம். சாலையிலிருந்து பார்த்தால் புல்வெளியும் மரங்களும்தான் முதலில் தெரிகின்றன. கண்ணாடியில் மறுபடியும் அதே மரங்கள்.

தோட்டத்தின் பெயரிலேயே ஒரு கட்டடக்கலைப் பாடம் இருக்கிறது. ஆறு குணங்களையும் ஒருங்கே கொண்ட தோட்டம் என்பது அதன் பொருள். பழைய சீன மரபிலிருந்து எடுத்த அந்த ஆறும் மூன்று முரண் இணைகள்: விசாலம் – ஒதுக்கம், மனித உழைப்பு – தொன்மை, நீர்நிலை – தொலைதூரக் காட்சி. விசாலமாக இருந்தால் ஒதுக்கம் இராது. ஒன்றைப் பெற மற்றொன்றை இழக்கவேண்டும் என்பது பொது விதி. இரண்டையும் பெறுவதே தோட்டக் கலைஞரின் சாமர்த்தியம். செஜிமாவும் நிஷிசாவாவும் இதை மனத்தில் வைத்தா வரைந்தார்கள் என்று யாம் அறியோம். ஆனால் எதிரே இருக்கும் வட்டத்தைப் புரிந்துகொள்ள இதைவிட நல்ல திறவுகோல் எங்களுக்குக் கிடைக்கவில்லை.

வட்டத்துக்குள் 14 காட்சிக்கூடங்கள். அவை ஒன்றோடொன்று ஒட்டாமல் தனித்தனி வீடுகளாக நிற்கின்றன. இடையில் விடப்பட்ட வெளியே தெருக்கள். நான்கு இடங்களில் வானம் பார்த்த முற்றங்கள். கூடங்களின் உயரம் 4 மீட்டரிலிருந்து 12 மீட்டர் வரை மாறுகிறது. கூரைக்கு மேல் எட்டிப் பார்ப்பவை உயரமான கூடங்களே. எந்தக் கூடத்திலிருந்து எதற்குப் போக வேண்டும் என்ற வரிசை கிடையாது. சில தெருக்கள் வட்டத்தின் ஒரு விளிம்பிலிருந்து மறு விளிம்புவரை நேராக ஓடுவதால், கட்டடத்தின் நடுவில் நின்றபடியே வெளியே குடைபிடித்துப் போகிறவரைக் காணலாம்.

ஒரு கூகன்ஹைமைச் சொன்னோம், இன்னொன்றையும் சொல்லிவிடுவோம். ஃபிராங்க் லாய்ட் ரைட் நியூயார்க்கில் கட்டி 1959இல் திறக்கப்பட்ட சுருள்வடிவ கூகன்ஹைமில் பார்வையாளர் போக வேண்டிய பாதை ஒன்றே. சரிவில் சுற்றிச் சுற்றி நடந்தே தீரவேண்டும். சாய்ந்த தளத்திலும் வளைந்த சுவரிலும் ஓவியத்தை எப்படி மாட்டுவது என்று, கட்டி முடிப்பதற்கு முன்பே 21 ஓவியர்கள் எதிர்ப்புக் கடிதம் எழுதினார்கள். ரைட்டின் கட்டடம் மகத்தானது. அதில் எங்களுக்கு ஐயமில்லை. ஆனால் அது பார்வையாளரின் கையைப் பிடித்து இழுத்துச் செல்கிறது. கனசாவா கையை விட்டுவிடுகிறது. திருவிழாவில் கைவிடப்பட்ட குழந்தையின் கலக்கமும் குதூகலமும் ஒருசேர வருகின்றன.

எங்களில் பொறியாளர் வெகுநேரம் தூண்களையே பார்த்துக்கொண்டிருந்தார். மணிக்கட்டைவிடச் சற்றே தடித்ததாகத் தோன்றும் வெள்ளை எஃகுத் தூண்கள். இத்தனை பெரிய கூரையை இவை மட்டும் தாங்க முடியாது, பளுவின் பெரும்பகுதியைக் கூடங்களின் சுவர்களுக்குள் மறைத்திருப்பார்கள் என்பது அவருடைய கணிப்பு. தன் உழைப்பைக் காட்டிக்கொள்ளாத கட்டடம் என்றார். பணிக்காலம் முழுவதும் தேவைக்கு மேல் தடித்த தூண்களுக்கு ஒப்புதல் கையெழுத்திட்டவருக்கு அதில் கொஞ்சம் பொறாமையும் இருந்திருக்கலாம்.

இனி, வாசல். கட்டடத்துக்கு நான்கு நுழைவுகள் உள்ளன. நகரத்தின் நான்கு பக்கத்துத் தெருக்களிலிருந்தும் அப்படியே நடந்து உள்ளே வரலாம். எது முன்பக்கம் எது பின்பக்கம் என்ற பேச்சே இல்லை. படி இல்லை. வெளித்தரையும் உள்தரையும் ஒரே மட்டம். "தம்பி, இதுக்குக் கொல்லைப்புறம் எங்க இருக்கு?" என்று அண்ணன் கேட்டார். விளையாட்டாகக் கேட்டதல்ல. பள்ளி நாட்களில் அவர் ஒரு ஓவியக் கண்காட்சியைப் பார்க்கப் பஸ் ஏறி நகரத்துக்குப் போயிருக்கிறார். படியேறும்போதே வாயிற்காவலர் மறித்து, வேலைக்கு வந்தவர்கள் பின்பக்கமாகப் போக வேண்டும் என்றிருக்கிறார். வேலைக்கு வரவில்லை, படம் பார்க்க வந்தேன் என்று சொல்லும் துணிவு அந்த வயதில் இல்லை. திரும்பிவிட்டார். அதன்பின் முப்பது ஆண்டுகளில் எத்தனையோ கட்டடங்களின் நெற்றியில் சாரமேறிப் பெயர் எழுதியிருக்கிறார். கலைக்கூடம் எதனுள்ளும் நுழைந்ததில்லை. இதை அவர் எங்களிடம் சொன்னது அன்றைக்குத்தான், கனசாவாவின் ஒரு பேருந்து நிறுத்தத்தில்.

உள்ளே போனதும் ஒரு செய்தி தெரிந்தது. வட்டத்தில் இரண்டு பகுதிகள். வெளிவளையம் எல்லோருக்குமானது, கட்டணம் இல்லை, காலை 9 மணியிலிருந்து இரவு 10 மணிவரை திறந்திருக்கும். கலை நூலகம், குழந்தைகளுக்கான பட்டறை, ஊர்மக்கள் வாடகைக்கு எடுத்துத் தங்கள் படைப்புகளை வைக்கும் கூடம், சிற்றுண்டிச்சாலை எல்லாம் இதில் அடக்கம். நடுவில் இருப்பது கண்காட்சிப் பகுதி. அதற்குச் சீட்டு வேண்டும். இரண்டுக்கும் இடையே பல இடங்களில் உள்ள தடுப்பு, மறுபுறம் தெரியும் தடுப்பு.

எங்களில் ஆசிரியைக்கு இது பிடிக்கவில்லை. கற்சுவர் மறைத்தால் மறுபுறம் என்ன இருக்கிறதென்று தெரியாமல் போய்விடுவோம். கண்ணாடி காட்டிக்கொண்டே மறுக்கிறது, இது மிட்டாய்க்கடை வாசலில் பிள்ளையை நிறுத்துவது போன்றது என்றார். பொறியாளர் திண்ணையை இழுத்தார். நம் வீடுகளில் வழிப்போக்கனுக்குத் திண்ணை, வீட்டாருக்கு உள்ளறை; அதுபோல இந்த வெளிவளையம் நகரத்துக்கான திண்ணை என்றார். அண்ணன் உடனே, "எல்லாத் திண்ணையிலயும் எல்லாரும் உக்காந்துற முடிஞ்சுதா தம்பி?" என்றார். திண்ணையைப் பற்றி இலக்கியவாதிகள் எழுதும் ஏக்கக் கட்டுரைகள் பெரும்பாலும் இந்தக் கேள்வியைத் தாண்டிக் குதித்துவிடுகின்றன. எங்களிடமும் பதில் இல்லை.

பிறகு அண்ணன் ஒரு காரியம் செய்தார். தனக்குச் சீட்டு வேண்டாம் என்றுவிட்டார். பணத்துக்காக அல்ல, மகள் தனியாகக் கொடுத்தனுப்பியிருந்தாள். "நீங்க ரெண்டு பேரும் உள்ள போய்ப் பாத்துட்டு வாங்க. சீட்டில்லாதவனுக்கு இவங்க என்ன வச்சிருக்காங்கன்னு நான் பாக்குறேன்." எவ்வளவோ சொல்லியும் கேட்கவில்லை. மனம் ஒப்பாமல்தான் உள்ளே போனோம்.

நாங்கள் கண்டவற்றில் ஒன்றைப் பற்றிச் சொல்கிறோம். அனிஷ் கபூர் 2004இல் இந்தக் கட்டடத்துக்கென்றே செய்த படைப்பு. சாய்ந்த கான்கிரீட் சுவர் ஒன்றில் நீள்வட்டமான ஒரு கருமை. அது குழியா, புடைப்பா, வெறும் வண்ணப் பூச்சா என்று எத்தனை நேரம் நின்றாலும் பிடிபடாது. எல்லாம் தெரியும்படி கட்டிய கட்டடத்தின் வயிற்றுக்குள் எதுவும் தெரியாத ஓரிடம். அங்கே நின்றபோது தோட்டத்தின் விசாலமும் ஒதுக்கமும் நினைவுக்கு வந்தன. அப்போது நடந்துகொண்டிருந்த கண்காட்சியில் நல்லதும் இருந்தது, சுமாரானதும் இருந்தது. ஆனால் ஒரு கூடத்திலிருந்து இன்னொன்றுக்குப் போகும்போதெல்லாம் கண்ணாடிக்கு அப்பால் அண்ணன் தென்பட்டுக்கொண்டே இருந்தார். ஒருமுறை முயல் காதுபோல் முதுகு வைத்த நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். அதற்குப் பின்னால் சுவர் முழுக்க மைக்கேல் லின் தீட்டிய பெரும் பூக்கள். நாற்காலியும் கட்டடக் கலைஞர்களே வடிவமைத்தது. இன்னொருமுறை முற்றத்தில் பத்ரீக் பிளாங்கின் செடிச்சுவருக்கு அந்தப் பக்கம் நின்றார். யார் யாரைப் பார்வையிடுகிறோம் என்ற குழப்பம் எங்களுக்கு வந்துவிட்டது.

அந்தக் குழப்பத்தையே கலையாக்கியவர் அர்ஜென்டினாவின் லியாண்ட்ரோ எர்லிச். முற்றம் ஒன்றில் அவர் 2004இல் அமைத்த நீச்சல்குளம்தான் இந்த அருங்காட்சியகத்தின் மிகப் பிரபலமான படைப்பு. மேலிருந்து பார்த்தால் நீர் நிறைந்த குளம். அதன் அடியில் மனிதர்கள் நனையாமல், உடுத்திய உடையோடு நடமாடுகிறார்கள். உண்மையில் கண்ணாடித் தகடொன்றின் மேல் சுமார் 10 சென்டிமீட்டர் நீர் மட்டுமே இருக்கிறது. அதற்குக் கீழே நீலம் பூசிய வெற்றறை. கீழறைக்குப் போகத்தான் சீட்டு வேண்டும், முன்பதிவும் வேண்டும். நாங்கள் கீழே நின்று அண்ணாந்தபோது, தூறல் ஓய்ந்த வெளிச்சத்தில் நெளிந்து நெளிந்து ஒரு முகம் எட்டிப் பார்த்தது. அண்ணன்தான். கையசைத்தார். சுற்றியிருந்த அன்னியர்களெல்லாம் எங்களோடு சேர்ந்து அவருக்குக் கையசைத்தார்கள். கீழே நின்றவர்களுக்கு மேலே முகங்கள் இல்லாவிட்டால் அந்த அறை வெறும் நீல அறை. மேலே நிற்பவர்களுக்குக் கீழே ஆளில்லாவிட்டால் அது வெறும் குளம். சீட்டு வாங்கியவரும் வாங்காதவரும் ஒருவருக்கொருவர் காட்சிப்பொருள். ஆசிரியை மிட்டாய்க்கடை உவமையை அங்கேயே திரும்பப் பெற்றுக்கொண்டார் என்று எழுத ஆசைதான். பெறவில்லை. நீச்சல்குளத்தில் சரி, மற்ற இடங்களில் கண்ணாடி கண்ணாடிதான் என்றார்.

அவர் கூற்றுக்கு வலுச்சேர்க்கும் செய்திகளும் உண்டு. 2015இல் தோக்கியோவிலிருந்து ஷின்கான்சென் ரயில் வந்தபின் சுற்றுலாக் கூட்டம் பெருகி, நீச்சல்குளத்தில் படம் எடுப்பதற்கென்றே வருகிறவர்கள் நிறைந்துவிட்டார்கள். நாலரை லட்சம் பேர் வாழும் ஊருக்கென்று கட்டிய திறந்த வட்டம், ஊர்க்காரர்களுக்கு வரிசையில் நிற்கும் இடமாகிறது. எதிர்ப்பக்கமும் சொல்ல வேண்டும். தொடக்கக் கண்காட்சியின்போது முதல் இயக்குநர் யூதாகா மினோ, நகரத்தின் தொடக்க, நடுநிலைப் பள்ளிப் பிள்ளைகள் சுமார் 40,000 பேரையும் வகுப்பு வகுப்பாக அழைத்து வரச் செய்தார். திரும்பும்போது, இன்னொரு முறை வருவதற்கு ஒரு சீட்டையும் கையில் கொடுத்தனுப்பினார். பிள்ளை தனியாகவா வரும்? கண்ணாடிச் சுவர் தானாகத் திறந்துகொள்வதில்லை; யாராவது ஒருவர் கூப்பிட வேண்டியிருக்கிறது. கட்டடக்கலை விமர்சனங்களில் வரைபடமும் புகைப்படமும் வரும் அளவுக்கு இச்செய்தி வருவதில்லை என்பது எங்கள் வருத்தம்.

கண்ணாடிக்கு இன்னொரு விலையும் உண்டு. 2024 ஜனவரி 1 அன்று மாலை, கனசாவாவுக்கு வடக்கே நோட்டோ தீபகற்பத்தை 7.6 அளவிலான நிலநடுக்கம் உலுக்கியது. அங்கே நூற்றுக்கணக்கானோர் மாண்டார்கள், ஊர்கள் தரைமட்டமாயின. அந்தத் துயரத்தின் முன் ஒரு அருங்காட்சியகத்தின் சேதம் பேசத் தக்கதல்ல. ஆனாலும் கட்டடத்தைப் பற்றி எழுதுவதால் குறிப்பிடுகிறோம். காட்சிக்கூடங்களின் மேல்தளத்தில், இயற்கை ஒளியைச் சன்னமாக இறக்குவதற்கென்று பதித்திருந்த கண்ணாடித் தகடுகளில் சில கழன்று விழுந்தன. ஓவியங்களுக்கு வானத்தின் வெளிச்சமே வேண்டும் என்ற பிடிவாதத்துக்கான விலை அது. கண்காட்சிப் பகுதி முழுமையாகத் திறக்க ஜூன் பிற்பகுதி ஆகிவிட்டது. கட்டணமில்லாப் பகுதியின் சில இடங்களோ பிப்ரவரியிலேயே திறந்துவிட்டன. அந்த மாதங்களில் சீட்டு வாங்க வழியில்லாததால், நகரத்தில் எல்லோருமே அண்ணனைப் போலத்தான் அங்கே போய்வந்திருப்பார்கள்.

எங்கள் நாளும் அப்படியே முடிந்தது. வாரநாளாதலால் மாலை 6 மணிக்குக் கண்காட்சிப் பகுதியை மூடினார்கள். எங்கள் சீட்டுகள் காலாவதியாயின. வெளிவளையத்தில் அண்ணன் காத்திருந்தார். நாள் முழுக்கத் தனியாக விட்டுவிட்டோமே என்ற குற்ற உணர்வோடு போன எங்களிடம், கடைத்தெருவைக் காட்டும் ஊர்க்காரர்போல் ஒவ்வொன்றாகக் காட்டத் தொடங்கினார். புல்வெளியில் ஓலாஃபர் எலியாசனின் வண்ணக் கண்ணாடிச் சுழல். நீலம், சிவப்பு, மஞ்சள் சுவர்களுக்கு நடுவே நகர நகர நிறங்கள் ஒன்றன்மேல் ஒன்று விழுந்து வேறு நிறமாயின. எந்த நிறத்தோடு எது சேர்ந்தால் என்ன வரும் என்று, நாங்கள் அடி எடுத்து வைப்பதற்கு முன்பே சொல்லிவிட்டார். முப்பது ஆண்டுப் பெயின்ட் டப்பா அனுபவம். அதைச் சுற்றிப் புல்லில் முளைத்தாற்போல் நிற்கும் ஃப்ளோரியான் கிளாரின் உலோகக் குழல்கள் பன்னிரண்டு. மண்ணுக்கடியில் இரண்டிரண்டாக இணைத்திருக்கிறார்கள். ஒன்றில் பேசினால் எங்கோ இருக்கும் அதன் இணையில் கேட்கும். எதற்கு எது இணை என்று அவர் மதியமே கண்டுபிடித்துவிட்டார், பள்ளிச் சிறுமிகள் இருவரின் உதவியோடு. அவர்களுக்குத் தமிழ் தெரியாது, இவருக்கு ஜப்பானியம் தெரியாது. "அலோ"தான் பொதுமொழி.

கடைசியாக ஓர் அறைக்குக் கூட்டிப்போனார். ஜேம்ஸ் டரெலின் அறை. உயரமான நாற்கோண அறை. சுவரை ஒட்டி அமர்வதற்கு இருக்கை. கூரையின் நடுவில் சதுரமாக வானம். கண்ணாடி கிடையாது. மழை பெய்தால் மழை உள்ளே விழும். பகலில் மூன்று முறை வந்துவிட்டாராம். முதல் முறை வெள்ளைத்தாள் போலிருந்தது, இரண்டாம் முறை மழை, மூன்றாம் முறை ஒரு காகம் குறுக்கே பறந்தது என்றார். "டீச்சர், இந்தப் பக்கம் உக்காருங்க. அங்க ஈரம்" என்று தள்ளி இடம் விட்டார். ஏழு மணி இருக்கும். அந்தச் சதுரம் நீலமாகி, நீலம் கனத்து, கூரையில் பூசிய வண்ணம்போல் தட்டையானது. ஒரு விளிம்பில் மட்டும் பிசிறு இருப்பதாக அண்ணன் சுட்டிக்காட்டினார். எங்கள் கண்ணுக்குத் தெரியவில்லை. மேகமாக இருக்கும் என்றோம். இல்லை, கோடு இழுத்தவனுக்குத் தெரியும் என்று சொல்லிவிட்டு அண்ணாந்தபடி அமர்ந்திருந்தார். கட்டடம் மூடுவதற்கு இன்னும் மூன்று மணிநேரம் இருந்தது.